அறுத்தவர் கணக்கும் அறுபட்டவர் கணக்கும்

"சத்திரசிகிச்சை வெற்றி" என்னும் சொற்களைப் போல நமது வைத்தியத் துறையில் எளிதாக உச்சரிக்கப்படும் சொற்கள் வேறில்லை. கழுத்திலே பருத்து நின்ற கழலை அகற்றப்பட்டது, காயம் ஆறியது, நோயாளர் தம் கால்களால் நடந்து வீடு சென்றார், ஏட்டில் வெற்றி என்று எழுதப்பட்டது. கணக்கு அத்துடன் முடிந்தது. ஆறு மாதங்களின் பின்னும், ஆறு வருடங்களின் பின்னும் அதே மனிதரின் உதடுகளைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் விறைப்பதையும், விரல்கள் கூம்பி இறுகுவதையும், நள்ளிரவில் உடல் முழுதும் வெட்டி இழுப்பதையும் அந்த ஏடு அறியாது. அறிய வேண்டும் என்று அதை வைத்திருப்போர் கருதுவதாகவும் தெரியவில்லை.

விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டுச் சண்டைக்குச் செல்வோம். மூச்சுக்குழலைத் தழுவிக் கிடப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அதன் பின்புறத்தில், பெரும்பாலோருக்கு நான்கு என்ற தொகையில், அரிசிமணி அளவேயான பரதைரொயிட்டுச் சுரப்பிகள் ஒட்டிக் கிடக்கின்றன. பெயரில் உறவுண்டு, தொழிலில் இல்லை. இரத்தத்திலுள்ள கல்சியத்தின் அளவைக் காப்பதே இச்சிறு சுரப்பிகளின் பணி. அளவு குறையும்போது எலும்பிலிருந்து சிறிது எடுத்துக் கொடுக்கும். சிறுநீரோடு வீணே போவதைத் தடுக்கும். சிறுநீரகத்திலே விற்றமின் டீயைச் செயலுக்குரிய வடிவமாக மாற்றச் செய்து, அதன் மூலம் உணவிலுள்ள கல்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்கு வர வழி திறக்கும். தைரொயிட்டை முழுவதும் அகற்றும்போது இவை தவறுதலாக உடன் அகற்றப்படலாம். அல்லது இவற்றுக்கு இரத்தம் கொணரும் நுண்குழாய்கள் அறுபடலாம். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இவை மீண்டு எழுகின்றன. ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் எழாவிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் ஆயுட்காலக் குறை. கைதேர்ந்த நிபுணர்களிடமே நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இவ்வாறு ஆகின்றனர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. கை தேறாத இடத்தில் தொகை கூடும்.

இவர்களுக்குச் சொல்லப்படும் ஆறுதல் என்ன? "பால் குடியுங்கள், குரக்கன் கூழ் குடியுங்கள், முருங்கைக்கீரை உண்ணுங்கள்." அயலார் சொல்வதை மன்னிக்கலாம். வெள்ளைச் சட்டை அணிந்தோரும் சொல்லக் கேட்கிறோம். சுரப்பு நின்றபின், விற்றமின் டீ செயல்வடிவம் பெறுவது தடைப்படுகிறது. குடலின் வழி அடைகிறது. உள்ளே சென்ற சிறிதளவையும் சிறுநீரகம் ஒழுக விடுகிறது. பாலிலோ கல்சியத்தோடு பொசுபேற்றும் சேர்ந்து வருகிறது. இந்நோயாளரின் இரத்தத்தில் ஏற்கெனவே மிகுந்திருப்பது அதுதான். பூட்டிய கதவின் முன்னே பண்டங்களைக் குவித்துவிட்டு, "வீட்டார் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்?" என்று வியப்பது போன்றது இந்த உபதேசம். அவர்களுக்கு வேண்டியது கல்சிய மாத்திரையும், ஏற்கெனவே செயல்வடிவத்திலோ அதற்கு ஒரு படி முன்னேயோ உள்ள விற்றமினும் ஆகும். கல்சிற்றியோல், அல்பாகல்சிடோல் என்பன அவை. சாதாரண விற்றமின் டீ மாத்திரை அவற்றின் இடத்தை நிரப்பாது. வெயில் காய்வதும் நிரப்பாது.

இந்த அறிவு புதியதென்று யாரேனும் சாக்குச் சொல்வாராயின், சரித்திரத்தைப் புரட்டுவோம். வியன்னாவில் பில்ரோத்தின் சிகிச்சைக்கூடத்தில் தைரொயிட்டு அகற்றப்பட்ட நோயாளிக்கு ஏற்பட்ட தசை இழுப்பை வோல்ப்ளர் 1879ஆம் ஆண்டளவிலேயே பதிவு செய்தார். மறு ஆண்டு, 1880ல், சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் மனித உடலில் இச்சுரப்பிகளை விவரித்து எழுதினார். மாணவன் எழுதியதை ஐரோப்பிய விஞ்ஞான உலகம் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. இழுப்பைக் கல்சியம் அடக்கும் என்று அமெரிக்காவில் மக்கல்லமும் வோக்ட்லினும் நிறுவியது 1909ல். தைரொயிட்டு ஆய்வுக்காகச் சுவிற்சர்லாந்தின் தியோடர் கொக்கருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதகுலம் அறிந்திருக்கும் ஓர் உண்மை இது.

கொக்கரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நமது வாதத்தின் உயிர் அதிலே இருக்கிறது. பேர்ண் நகரில் அவர் தைரொயிட்டை முழுவதும் அகற்றியோர் பலர். கத்தியின் நேர்த்தியில் அவருக்கு ஈடு இல்லை. இரத்தம் சிந்தாமல், நுணுகி நுணுகி அறுப்பவர். விரைந்து அறுத்த பில்ரோத்தின் நோயாளிகளுக்கு இழுப்பு வந்ததும், நிதானமாக அறுத்த கொக்கரின் நோயாளிகளுக்கு அது அரிதாக இருந்ததும் கைப்பாங்கின் வேறுபாட்டாலே என்று பின்னாளில் அமெரிக்க அறுவை நிபுணர் ஹால்ஸ்டட் விளக்கினார். அத்தகைய கொக்கர் தம் வெற்றியில் திருப்தி கொண்டு அமரவில்லை. வீடு சென்ற நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். சுரப்பி முழுதும் இழந்தோரில் பலர் உடல் ஊதி, அறிவு மந்தித்து, வளர்ச்சி குன்றிக் கிடந்தனர். அதை மறைக்காமல் 1883ல் சக வைத்தியர்களின் சபையிலே எடுத்துரைத்தார். சாதாரணக் கழலைக்காகச் சுரப்பியை முழுவதும் அகற்றும் வழக்கத்தையும் கைவிட்டார். அவர் கண்டது தைரொயிட்டுச் சுரப்பின் குறையை, கல்சியக் குறையை அல்ல. ஆயினும் நாம் இங்கே போற்றுவது அவருடைய கத்தியை அல்ல, அந்தத் திரும்ப அழைத்தலை.

நமது நாட்டில் யார் திரும்ப அழைக்கிறார்கள்?

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்த பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து நடந்தே வந்த தென்னிந்தியத் தொழிலாளர் முதலில் கண்ட மலைநாடு மாத்தளை. வழியிலே விழுந்து மாண்டவர் தொகையை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. எழுதப்படாத கணக்கு இம்மண்ணுக்குப் புதிதல்ல. கோப்பி போய்த் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன; வெள்ளைக் கம்பனிகள் போய் அரசு வந்தது; 1992ல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று; மாத்தளை, கண்டிப் பக்கத்தில் பல தோட்டங்கள் அரச நிறுவனங்களிடமே எஞ்சின. லயத்தில் வாழ்வோருக்கு இந்த மாற்றங்களெல்லாம் பெயர்ப்பலகையின் மாற்றங்களே.

கழலை இம்மாவட்டத்துக்கு அந்நியமன்று. 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வில் களுத்துறையில் நூற்றுக்கு 30 பேருக்குக் கழலை காணப்பட்டது, மாத்தளையில் 6.5. எல்லாவற்றிலும் குறைந்தது மாத்தளைதான் என்று உத்தியோகத்தர்கள் மகிழலாம். நாம் அதை வேறு விதமாக வாசிக்கிறோம். பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை! உப்பில் அயடின் சேர்க்க வேண்டும் என்னும் சட்ட ஏற்பாடு நாடு முழுமைக்கும் 1990களில்தான் வந்தது. அதற்கு முன் வளர்ந்த அந்தப் பிள்ளைகள் இப்போது ஐம்பதை அண்டிய வயதினர். சிறுவயதின் கழலை கட்டிகளாகத் திரண்டு, சத்திரசிகிச்சை மேசைக்கு மனிதரைக் கொண்டுசேர்க்கும் வயது அது. உப்பில் ஒரு சிட்டிகை அயடினைக் காலத்தே சேர்க்காத சமூகம், பின்னர் கழுத்தை அறுத்துக் கடனைத் தீர்க்கிறது.

யட்டவத்தத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு இச்சத்திரசிகிச்சை நடந்து, பரதைரொயிட்டு மீளாமற் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைதான், ஆனால் அவளுக்குரிய விதிமுறைகள் எதுவும் கற்பனையல்ல. விடியுமுன் வெறும் வயிற்றில் தைரொட்சின் விழுங்க வேண்டும். கல்சியத்தை அதனோடு சேர்க்கலாகாது. சேர்த்தால் தைரொட்சின் உடலிற் சேராது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கல்சியம் காபனேற்று உணவோடு உட்கொண்டால்தான் நன்கு கரையும். நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து உட்கொள்ள வேண்டும். இப்போது பிரட்டுக்களத்தின் மணிக்கூட்டைப் பாருங்கள். காலையில் ரொட்டித் துண்டும் வெறுந் தேநீரும் அருந்திவிட்டு மலை ஏறுகிறாள். கல்சியத்துக்குரிய நேரம் வரும்போது அவள் நடுமலையில் நிற்கிறாள், மாத்திரை லயத்திலே கிடக்கிறது, உணவு இல்லை. தவறிய வேளைக்குப் பழி அவள் மேலேயே விழும்: "ஒழுங்காக மருந்து குடிப்பதில்லை." தோட்டத்தின் வேலை நேரத்தை மருந்தின் நேரத்தோடு பொருத்திப் பார்க்க எந்தத் துரைக்குத் தோன்றியது?

கொழுந்து பறிப்பது விரல்நுனியின் தொழில். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் அந்த விரல்களைத்தான் கல்சியக் குறை முதலில் பற்றுகிறது. விறைப்பு, பின் இழுப்பு, பின் கைகூம்பல். நிறை குறைகிறது. குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபாவை எட்டியது 2021ல். 1,350 ரூபாவானது 2024ல். அதற்குப் போராட்டங்கள் எத்தனை! அந்தக் கூலியிலும் பாதி, ஒரு சுரப்பியின் பெயரால் கழிகிறது. அவள் சோம்பேறி என்று கங்காணி சொல்வார். இழுப்பு வலிப்பாக மாறினால் பேய் பிடித்தது என்று அயலார் சொல்வர். வைத்தியசாலையில் காக்காய்வலிப்பு என்று தவறாகக் கொண்டு மருந்து தொடங்கினாலோ கேடு இரட்டிப்பு: பீனோபாபிற்றோன், பெனிற்றோயின் போன்ற பழைய வலிப்பு மருந்துகள் விற்றமின் டீயை மேலும் சிதைப்பவை. கழுத்துத் தழும்பைப் பார்த்து, இரத்தத்திற் கல்சியத்தை அளந்தால் தீரும் குழப்பம் இது.

அவள் கையிலே "டயக்னோசிஸ் கார்ட்" ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் எழுதியது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்புத் திருத்தம் 1987லேயே சொல்லிவிட்டது. சட்டத்தில் உள்ள தமிழ் அந்தக் கார்டுக்கு இன்னும் இறங்கி வரவில்லை. "கல்சியத்தை நிறுத்தாதே, விரல் விறைத்தால் உடனே வா" என்னும் இரண்டு வாக்கியங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்க எந்த அன்னியச் செலாவணியும் தேவையில்லை.

நீண்டகால விளைவுகளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் இங்கே சிறிது நிற்க வேண்டும். குறை நீடித்தால் கண்ணில் இளவயதிலேயே புரை விழக்கூடும். மூளையின் அடிப்பகுதியில் சுண்ணாம்பு படியும். இதயத்துடிப்பின் மின்னொழுங்கு பிறழும். அரிதாக இதயத்தசையே தளரும். மனம் மந்தித்து, சோர்ந்து, நினைவு தடுமாறும். இதை இரத்தப் பரிசோதனை காட்டாது, ஆதலால் பலர் நம்புவதுமில்லை. இவையெல்லாம் மருந்து போதாமையின் விளைவுகள் என்று கருதி மருந்தைக் கூட்டினால், மறுபக்கத்தில் சிறுநீரகம் காத்திருக்கிறது. கல்சியத்தைப் பிடித்து நிறுத்தும் சுரப்பு இல்லாத உடலில், உட்கொண்ட கல்சியம் சிறுநீரில் வழிந்து கல்லாகவும் சிறுநீரகச் சுண்ணாம்பாகவும் படிகிறது. இருபுறமும் பள்ளம், நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. இரத்தக் கல்சியம், பொசுபேற்று, மக்னீசியம், கிரியற்றினின், 24 மணி நேரச் சிறுநீரின் கல்சியம் ஆகியவற்றை முறையாக அளந்துகொண்டே நடந்தால்தான் விழாமல் நடக்கலாம். இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர்! மலையிலே மலசலகூடம் இல்லாத பெண், பகல் முழுதும் அதை அடக்கிக்கொண்டு கொழுந்து பறிப்பவள், எந்தப் போத்தலில், எங்கே நின்று சேகரிப்பாள்? பரிசோதனையை எழுதிக் கொடுத்தவர் ஒரு நாள் அம்மலையில் நின்று பார்க்கட்டும்.

டென்மார்க்கில் சத்திரசிகிச்சையால் இக்குறைக்கு ஆளான 688 பேரை ஆராய்ந்து 2013ல் வெளியான ஆய்வு, சிறுநீரகக் கல்லுக்காக வைத்தியசாலை செல்லும் அபாயம் மற்றவர்களிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், வலிப்புக்காகச் செல்லும் அபாயமும் ஏறக்குறைய அவ்வளவே என்றும் கண்டது. மரணம் கூடவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். டென்மார்க்கால் இதை எவ்வாறு அறிய முடிந்தது? அங்கே ஒவ்வொரு நோயாளருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை, வருடத்துக்கு வருடம் அவரைத் தொடர்கிறது. கொக்கர் தனிமனிதராகச் செய்ததை அங்கே சமூகம் செய்கிறது.

"அப்படியானால் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்பார் உளர். அல்ல. புற்றுநோய்க்கும், மூச்சை நெரிக்கும் கழலைக்கும் கத்தி வேண்டும். ஆனால் எல்லாக் கட்டிக்கும் வேண்டுமா? தென்கொரியாவின் கதை நமக்குப் பாடம். மலிவான கழுத்து ஸ்கான் பரவியதும், அங்கே 2011ல் கண்டறியப்பட்ட தைரொயிட்டுப் புற்றுநோய் 1993ல் இருந்ததைப்போல 15 மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் தொகையோ மாறவில்லை. கண்டறியப்பட்டோர் அனேகமாக அனைவரும் அறுக்கப்பட்டனர். அவ்வாறு அறுக்கப்பட்ட 15,000க்கு மேற்பட்டோரின் காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்தபோது நூற்றுக்கு 11 பேருக்குப் பரதைரொயிட்டுக் குறை இருந்தது. 2014ல் அந்நாட்டு வைத்தியர் சிலர் துணிந்து பகிரங்கமாக எதிர்த்தபின் சத்திரசிகிச்சைகள் ஒரே ஆண்டில் மூன்றிலொரு பங்கு குறைந்தன. இலங்கைப் பெண்களிடையே மார்புப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாகப் பதிவாவது தைரொயிட்டுப் புற்றுநோய். ஸ்கான் நிலையங்கள் நகரந்தோறும் பெருகிவரும் இவ்வேளையில், தேவையானது எது, வியாபாரம் எது என்று பிரித்துக் கேட்பது நோயாளரின் உரிமை.

யார் அறுக்கிறார் என்பதும் கேட்கப்பட வேண்டியதே. அமெரிக்காவில் ஏறத்தாழ 17,000 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2017ல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு 25க்கு மேற்பட்ட தைரொயிட்டுகளை முழுமையாக அகற்றுவோரிடம் கேடுகள் குறைவு என்றது. அறுத்தவர்களுள் பாதிப்பேர் ஆண்டுக்கு ஒன்று மட்டுமே செய்தவர்கள் என்பதையும் அதே ஆய்வு அம்பலமாக்கியது. செல்வம் கொழிக்கும் நாட்டின் நிலை அது!

"அரசாங்கம் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்க முடியுமா? சனல் பண்ணிப் பார்க்க வேண்டியதுதானே" என்னும் குரலையும் நாம் அறிவோம். இலவச வைத்தியம் இந்நாட்டு மக்கள் பொருதிப் பெற்ற உரிமை. அதன் குறையைச் சொல்வது அதை விற்கச் சொல்வதற்கன்று, நிறைவாக்கச் சொல்வதற்கே. சத்திரசிகிச்சை இலவசம், அதன் விளைவாக ஆயுள் முழுதும் வேண்டிய அல்பாகல்சிடோல் மட்டும், "இங்கே இல்லை, வெளியே வாங்குங்கள்" என்றால், அது எவ்வகை இலவசம்? 1971ல் பேராசிரியர் சேனக பிபிலேயின் தலைமையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது, கம்பனிப் பெயரை ஒதுக்கி மருந்தின் பெயரால் மொத்தமாக வாங்கினால் விலை எவ்வளவு வீழும் என்று உலகமே கண்டது. பன்னாட்டுக் கம்பனிகள் சீறின. 1977க்குப் பின் அந்தக் கொள்கையின் நரம்புகள் ஒவ்வொன்றாக அறுக்கப்பட்டன. அதன் பலனை 2022ல் கண்டோம். டொலர் இல்லை, மருந்து இல்லை, யட்டவத்த மக்களும் நம்பியிருக்கும் பேராதனைப் போதனா வைத்தியசாலையே மார்ச் மாத இறுதியில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது. ஒத்திவைத்தது செய்தியாயிற்று. ஏற்கெனவே அறுக்கப்பட்டு, மாத்திரைக்காகக் காத்திருந்தவர்கள் செய்தியாகவில்லை.

சந்தை இதைத் தீர்க்குமென்று நம்புவோருக்கு ஒரு தகவல். இழந்த சுரப்பையே ஊசி மூலம் ஈடுசெய்யும் மருந்தொன்று 2015ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்துக் குப்பியின் இறப்பர் துகள் காரணமாக 2019ல் அங்கே திரும்பப் பெறப்பட்டது; உற்பத்தி 2024 இறுதியோடு உலகெங்கும் நிறுத்தப்படும் என்று கம்பனி அறிவித்தது. வேறொரு கம்பனியின் புதிய ஊசிக்கு 2024ல் அங்கே அனுமதி கிடைத்தது. அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டொலருக்கு மேல். கொழுந்துக் கூடைக்கும் அந்த விலைக்கும் இடையே எந்தச் சந்தை பாலம் கட்டும்? நாம் கேட்பதோ அந்த ஊசியை அல்ல. தட்டுப்பாடில்லாத மாத்திரையையும், கண்டி வரை பஸ் ஏறி ஒரு நாட்கூலியை இழக்காமல் மாத்தளையிலேயே பார்க்கத்தக்க பரிசோதனையையும், தோட்ட வைத்திய உதவியாளருக்கு இந்நோயைப் பற்றிய ஒரு நாள் பயிற்சியையும் கேட்கிறோம்.

ஆசிரியத் தோழர்களும் மாணவ நண்பர்களும் இதில் வெறும் வாசகராக இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச வைத்தியசாலையிடம் எழுத்தில் கேட்கலாம்; தமிழிலே கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். கேள்விகள் இரண்டே. சென்ற ஆண்டு இங்கே எத்தனை பேருக்குத் தைரொயிட்டு முழுவதும் அகற்றப்பட்டது? ஆறு மாதங்களின் பின்னும் அவர்களுள் எத்தனை பேர் கல்சியமும் அல்பாகல்சிடோலும் உட்கொள்கின்றனர்? முதற் கேள்விக்குப் பதில் சத்திரசிகிச்சைக்கூட ஏட்டில் இருக்கும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டுமாயின், அவர்கள் நோயாளரைத் திரும்ப அழைத்தாக வேண்டும்.